‘டோஸ்’ என்ற சொல்லைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நீக்கக் கோரி

அனுப்புநர்
ரா. வினிதா, பி.எஸ்சி.,
க/பெ. ராமதாஸ் (தீவிர சிகிச்சைப் பிரிவு, ஜன்னலோரப் படுக்கை),
விம்கோ நகர், சென்னை.

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
கடலோர மக்கள் நல மருத்துவமனை,
திருவொற்றியூர், சென்னை.

பொருள்: டயாலிசிஸ் முடிந்தபின் என் கணவருக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக் ஊசி ஒரு சொல்லால் தவறியது – மீண்டும் தவறாதிருக்க ஏற்பாடு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ராமதாஸ் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். காலில் பட்ட காயம் சீழ் பிடித்து, கிருமி இரத்தத்தில் ஏறி, சிறுநீரகம் இரண்டும் நின்றுபோன நிலையில் தங்கள் மருத்துவமனையில் சேர்த்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் நடக்கிறது. அவர் உயிரோடு இருப்பதற்குத் தங்கள் மருத்துவர்களே காரணம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மீதியைப் படித்தபின் இது தங்கள் நினைவில் நிற்காது.

2. ஊசி விவரத்தை மருத்துவர் மதி எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். டயாலிசிஸ் இயந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. கழிவோடு சேர்த்து இந்த மருந்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே டயாலிசிஸ் முடிந்த பிறகே ஊசி போட வேண்டும். குறைந்தால் கிருமி மிஞ்சும். கூடினால், வெளியேற வழியின்றி மருந்து உடம்பில் தேங்கி வலிப்புகூட வரலாம். எனக்குப் புரிந்தது. என் நாத்தனார் மங்கையும் புரிந்ததாகத் தலையாட்டினார்.

3. மேற்படி மங்கை என் கணவரின் அக்கா, மீன் விற்பவர், ஏலத்துக்கென்றே அமைந்த குரல். கடந்த வெள்ளிக்கிழமை, ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தம்பி எழுந்து உட்கார்ந்துவிடுவான் என்ற நம்பிக்கையில், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை எவர்சில்வர் தூக்கில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார். நோயாளிக்கோ குழாய் வழியே உணவு, உப்பு ஆகாது. மருத்துவர் மதி கண்டித்தது முற்றிலும் நியாயம். கண்டிப்பு லிப்ட் வரை கேட்டதாம். தூக்கு, காவலாளி மதார் சாகிப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. காலியாகத் திரும்பி வந்தது. அதுபற்றி எனக்குப் புகார் இல்லை.

4. அன்று டயாலிசிஸ் முடிந்து என் கணவரைப் படுக்கைக்குக் கொண்டுவந்தார்கள். ஊசியை டயாலிசிஸ் அறையிலேயே போட்டுவிட்டார்களா, இங்கே போட வேண்டுமா என்பது அப்போதுதான் பணிக்கு வந்த செவிலியர் ஜானட்டுக்குத் தெரியவில்லை. அந்த அறையின் தொலைபேசி பல நாளாக ஊமை. ஆகவே வாசலில் நின்ற என் நாத்தனாரிடம் கேட்டார். சாட்சியம் என்பதால் சொல் மாற்றாமல் தருகிறேன்:

“டோஸ் ஆச்சாம்மா?”
“அதெல்லாம் ஆச்சுமா. ஃபுல் டோஸ்.”
“யாரு குடுத்தா?”
“பெரிய டாக்டரே நேரா வந்து குட்த்தாரு. இன்னும் காதுலயே கீது.”

கடைசி வாக்கியத்தை ஜானட் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை. ஊசி போடப்படவில்லை.

5. வண்ணாரப்பேட்டையில் வேலை முடிந்து நான் மெட்ரோவில் வரும்போது, “டாக்டர் டோஸ் குட்த்துட்டாரு வினிதா” என்று நாத்தனார் எனக்கும் போன் செய்தார். அவர் வருத்தத்தில் சொன்னது; எனக்கு நிம்மதியில் கண் கலங்கியது. மருத்துவமனை வராந்தாவில் மருத்துவரைக் கண்டதும் கைகூப்பி, “டோஸ் கொடுத்ததுக்கு ரொம்ப நன்றி டாக்டர்” என்றேன். அவர் சங்கடப்பட்டு, “கொஞ்சம் அதிகமாவே கொடுத்துட்டேன். மனசுல வெச்சுக்க வேணாம்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க” என்றார். மருந்து கூடினால் என்ன ஆகும் என்று அவரே விளக்கியது நினைவுக்கு வந்து, “வலிப்பு வருமா டாக்டர்?” என்று கேட்டேன். “அவங்களுக்கா? எனக்குத்தான் வந்திருக்கும்” என்றார்.

பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் உள்ளே ஓடினார்.

6. காய்ச்சல் ஏறியிருந்தது, இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. போடவில்லை என்பது உறுதியாகாமல் இன்னொரு ஊசி போட முடியாது. ஆகவே டயாலிசிஸ் அறைக்கு ஆள் போய்க் கேட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. அந்தச் சில நிமிடங்களை மனுவின் நடையில் எழுத எனக்குத் தெரியவில்லை, விட்டுவிடுகிறேன். அதன் பின் ஊசி போட்டார்கள். ஞாயிறன்று காய்ச்சல் தணிந்தது. நேற்று அவர் கண் திறந்து என் விரலைப் பிடித்தார். ஸ்பேனர் பிடிக்கும் பிடி இல்லை. ஆனாலும் பிடி.

7. செவிலியர் ஜானட் மீது நடவடிக்கை எதையும் நான் கோரவில்லை. அவர் அழுதபோது, “வுடு கண்ணு, வாங்கினு வந்த திட்ட பெருமையா சொன்னது நான்தான?” என்று என் நாத்தனாரே தேற்றினார். யோசித்துப் பார்த்தால், எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் கிடைக்கும் டோஸ்களில் மருந்து மிகக் குறைவு. வேதியியல் படித்த எனக்கே அது உறைக்கவில்லை. குற்றம் சொல்லுடையது, அதை நோயாளியின் உறவினரிடம் கேட்ட வழக்கத்துடையது.

8. ஆகவே தாங்கள்,
(அ) டயாலிசிஸ் முடிந்து நோயாளியை ஒப்படைக்கும்போது, எந்த ஊசி போட்டாயிற்று, எதைப் போட வேண்டும் என்று இரு பிரிவுச் செவிலியரும் படுக்கையருகே நேருக்கு நேர் பேசிக்கொள்ளவும்;
(ஆ) அதை எக்காரணம் கொண்டும் வாசலில் நிற்பவர்களிடம் கேட்காதிருக்கவும்;
(இ) ஊமைத் தொலைபேசியைப் பேச வைக்கவும்;
(ஈ) தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்தை மருந்து என்றும் திட்டைத் திட்டு என்றும் மட்டுமே குறிப்பிடவும்
உத்தரவிடக் கோருகிறேன். குழம்பு இனி வாசலைத் தாண்டாது என்று என் நாத்தனார் சார்பில் உறுதியளிக்கிறேன். மதார் சாகிப் வரை வருவதைத் தடுக்க என்னால் இயலாது.

9. என் கணவருக்கு அடுத்த டயாலிசிஸ் நாளைக் காலை. இம்மனு எழுதியதற்காக எனக்கு டோஸ் தரவேண்டும் என்று தாங்கள் கருதினால், அதை டயாலிசிஸுக்கு முன்பே தந்துவிடுங்கள். இயந்திரம் கழுவிக்கொண்டு போகட்டும். அவருக்கு உரியதை மட்டும், தயவுசெய்து, முடிந்த பிறகு.

இடம்: திருவொற்றியூர்
தேதி: 13.08.2025

காத்திருப்போர் நாற்காலியிலிருந்து, மரியாதையுடன்,
ரா. வினிதா