கேட்கக் கூடாது என்றொரு விதி

மார்ச் 4, செவ்வாய்

பதினோராவது நேர்காணல் பதிவு முடிந்தது. ஆவணப் பிரிவுப் பட்டியலில் இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் நடந்த போரை எதிர்த்துத் துண்டறிக்கை அடித்த மாணவர்கள் எல்லோரும் இப்போது முட்டிவலிக்காரர்கள். மைக் மாட்டுவதற்குள் இரண்டு முறை பாத்ரூம் போகிறார்கள். வாயைத் திறந்தால் மட்டும் நிறுத்த முடியவில்லை.

பாக்கி இருவரில் ஒருத்தி என் அக்கா. தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

ரோலர் வந்தார். துண்டறிக்கை அடித்த சைக்ளோஸ்டைல் மெஷினின் உருளையை ஓட்டியவர் என்பதால் அப்போது வைத்த பெயர். கணக்கு வாத்தியாராகி ஓய்வு பெற்றும் பெயர் விடவில்லை.

அவர்களுக்குள் ஒரு விதி இருந்ததாம். போலீஸில் மாட்டினால், மற்றவர்கள் தப்புவதற்காக இரண்டு நாள் வாய் திறக்காமல் தாக்குப்பிடிக்க வேண்டும். வெளியே வந்த பிறகு, உள்ளே என்ன சொன்னாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. "அடி வாங்கிட்டு வந்தவனை நாமளும் வேற விசாரிக்கணுமா?" என்றார். நல்ல விதிதான் என்று நினைத்தேன்.

அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மெஷின் இருந்த ரூமைக் காட்டிக் கொடுத்தது நான்தாம்மா. முதல் நாளே. அங்க இருந்த மூணு பேருக்கும் ஒரு வருஷம் ஜெயில். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க அக்காவைப் பார்க்கிறது? அதான் வரலை."

அனுமதிப் படிவத்தில் 'என் மறைவுக்குப் பிறகு மட்டும் கேட்கலாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

இவர்தான் அத்தான் ஆவார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏன் இப்போதெல்லாம் வருவதில்லை என்று கேட்டதற்கு அக்கா முதுகில் ஒன்று வைத்தாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 11

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பதிவு. நர்ஸாக இருந்தவள் இல்லையா, மைக் கிளிப்பைத் தானே பிடுங்கி மாட்டிக்கொண்டாள்.

"ரூமைச் சொன்னது நான்தாண்டி. முதல் நாள் சாயங்காலமே வாயைத் திறந்துட்டேன். அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். அதான் திரும்பிக்கூடப் பார்க்கலை. நியாயம்தானே?"

ஹெட்போனைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அதே கட்டம். அதே டிக்.

மார்ச் 12

சொல்லிவிடலாமா?

வேலை போகும் — போகட்டும். ஆனால் பதிமூன்று பேர் என்னை நம்பிப் பேசியிருக்கிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போட்டுக் கொடுத்தால், அன்றைக்கு அவர்களை விசாரித்த ஆட்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சொல்லாவிட்டால், இருவரும் போன பிறகு எவளோ ஒரு ஆராய்ச்சி மாணவி இரண்டையும் கேட்டு, அடடா என்று அடிக்குறிப்பு எழுதுவாள். அக்காவுக்கு அறுபத்திரண்டு. போன வருஷம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். கடவுளே, என்னால முடியலை.

மார்ச் 14

ஒரு வேலையும் ஓடவில்லை. அக்கா போன் செய்தாள், எடுக்கவில்லை.

மார்ச் 18

படிவத்தின் பின்பக்கம் ஒரு வரி உண்டு: 'இப்போதே கேட்கக்கூடியவர், இருந்தால்.' யாரும் நிரப்புவதில்லை என்று நானும் காட்டுவதை விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன. இன்று அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

"இதை உங்கிட்ட காட்டாம விட்டுட்டேன். என் தப்பு."

"இதைக் கேட்க யாருடி இருக்கா?"

நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். பேனாவை மூடினாள், திறந்தாள். பிறகு ரோலரின் சொந்தப் பெயரை எழுதினாள். "கேட்டுட்டுத் திட்டட்டும். திட்டாம இருக்கிறதுதான் தாங்கலை."

அவளைக் கட்டிக்கொண்டேன். "போதும், எழுந்திரு, மேசையைத் துடைக்கணும்" என்று தள்ளிவிட்டாள்.

மார்ச் 20, வியாழன்

ஆவணப் பிரிவில் ரோலருக்கு அக்காவின் பதிவைப் போட்டுக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடியும் கேட்டார்.

"என் தப்பை இவ எதுக்கும்மா எடுத்து வச்சுக்கிட்டிருக்கா?" என்று கேட்டு அழுதார். பிறகு, "வண்டிய எடும்மா" என்றார்.

அக்கா கதவைத் திறந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அக்கா நம்பவில்லை.

"என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்றியா?"

"முதல் நாள் மத்தியானமே சொல்லிட்டேன்."

"நான் சாயங்காலம்."

"அப்ப நான்தான் முதல்ல."

"போட்டியாடா இது? நாற்பத்தொரு வருஷம்! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்கக் கூடாதுன்னு விதி போட்டதே நீதானே!"

அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள், அப்படியே அழுதாள். ரெக்கார்டர் என் பையில்தான் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

ஜெயிலுக்குப் போன மூவரில் இருவர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் அக்காவும் ரோலரும் போய்ச் சொல்லப் போகிறார்களாம். சேர்ந்தே.

மார்ச் 27

மாத்திரை போட்டாளா என்று கேட்க அக்காவுக்குப் போன் செய்தேன். வேறொரு அழைப்பில் இருக்கிறாளாம். இருபது நிமிஷம் கழித்தும் அதே. ஒரு மணி நேரம் கழித்தும் அதே.

மாத்திரையை ரோலரே ஞாபகப்படுத்தட்டும்.