ஏழாவது குழிக்குக் குறுக்கே ஓடும் ஓடை

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து தலைவலி. காய்ச்சலால் இல்லை, முதலாளியால். அவர் கோல்ஃப் மைதானம் கட்டுகிறவர். அண்ணனும் நானும் அதற்கு வரைபடம் போடுகிறவர்கள். ஏழாவது குழிக்குப் போகும் வழியில் குறுக்கே ஓர் ஓடை ஓடுகிறது. அதன் கரையில் நின்றுகொண்டு, காலணியில் சேறு பட்டுவிட்டதே என்று முகத்தைச் சுளித்தார். "இந்தச் சாக்கடைய எப்ப மூடறீங்க?"

சாக்கடையாம்! அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். துணிந்தவன் ஓடையைத் தாண்டி அடித்து நேரே குழியில் நட்ட கொடிக்குப் போகலாம். பயந்தவன் சுற்றிக்கொண்டு போகலாம், பந்தை ஒரு தடவை கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும். பந்து தண்ணீரில் விழுந்தால் அதற்கும் ஓர் அடி அபராதம். ஆட்டமே அந்த யோசனையில்தான் இருக்கிறது.

அவர் கைபேசியை நீட்டினார். வட்டமாக ஒரு குளம், நடுவில் நீரூற்று, கழிப்பறை கழுவும் திரவத்தின் நிறத்தில் தண்ணீர். "இது மாதிரி வேணும். போட்டோவுல நல்லா வரணும்."

அண்ணன் தலையை ஆட்டினான். ஆட்டுவதற்கென்றே வாங்கி மாட்டிய தலை.

மார்ச் 7, வெள்ளி

வரைந்தே விட்டான். ஓடையைக் குழாய்க்குள் திணித்து மண் போட்டு மூடுவது. அது வளைகிற பள்ளத்தில், ஓரமாக, ஒரு குளம். அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், நீலச் சாயம்.

"பந்து அந்தப் பக்கமே போகாதே, அப்புறம் அது என்ன தடை?" என்று கேட்டேன்.

"போகாட்டி நல்லதுதானே. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

இவன்கிட்ட என்னத்தப் பேச?

இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தாளும் வெளியே போகாது. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். இதில் நான் போடப் போவதில்லை.

மார்ச் 12, புதன்

எதிரெதிர் மேசை. பேச்சு இல்லை. ஜன்னலைத் திறக்கலாமா என்று மின்னஞ்சல் அனுப்புகிறான். "திற" என்று பதில் அனுப்பினேன்.

மார்ச் 19, புதன்

காலையில் அண்ணி கூப்பிட்டாள். "உங்கண்ணன் தட்டு முன்னாடி சிலை மாதிரி உக்காந்திருக்காரு. ரெண்டு பேரும் சேந்து என் உசிர வாங்காதீங்க."

சாயங்காலம் அவனே என் மேசைக்கு வந்தான். "ஒரே ஒரு தடவ எனக்காகப் போடேன். இந்த வேலையும் போச்சுன்னா ஆபீஸ மூட வேண்டியதுதான்." அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போட்டேன்.

பதினேழு மைதானம் போட்டிருக்கிறோம். ஒவ்வொன்றிலும் முதல் வேலையாக நிலத்தை வழித்துப் போட்டோம். ஒன்றிலாவது, இருந்த தண்ணீரை இருந்த இடத்தில் விட்டுவைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெரிசா என்ன கேட்டுட்டேன்? அதையும் என் கையாலேயே — சே. என்னைச் சொல்லணும்.

ஏப்ரல் 3, வியாழன்

பொக்லைன் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "மேடம், மூணடி தோண்டினதுமே கீழேருந்து தண்ணி வருது. ஓடையையும் அடைச்சுட்டா அது எங்க போகும்?"

அண்ணனிடம் சொன்னேன். "பம்பு வெச்சு எறச்சுட்டு விரிப்பப் போட்டுருவோம்." அத்தோடு முடிந்தது. நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எப்படியோ போங்கள் என்று விட்டுவிட்டேன். கோபம்.

மே 11, ஞாயிறு

குளம் பாதி நிரம்பியிருக்கிறது. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளத் துணிக்குப் போடற நீலமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடை இருந்த இடத்தில் புல் விதைத்திருக்கிறார்கள்.

ஜூன் 14, சனி

ஐந்து நாள் மழை. போய்ப் பார்த்தால் குளத்தின் நடுவே கறுப்பாக ஒரு மேடு எழும்பி நிற்கிறது! போகிற வழி இல்லாத தண்ணீர், கீழே சேர்ந்து விரிப்பைத் தூக்கிவிட்டது. நீரூற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து கரைமேல் பீய்ச்சுகிறது. படத்தை அண்ணிக்கு அனுப்பினேன். "என்னடி இது, குளம் மாசமா இருக்கா?" என்று பதில்.

அண்ணன் குடையை விரிக்கவும் மறந்து நின்றான்.

ஜூன் 15, ஞாயிறு

முதலாளியின் யோசனை: மேட்டின் மேல் கல்லைப் போட்டு அமுக்க வேண்டுமாம். இரண்டு லாரிக் கல் போட்டார்கள். மேடு அமுங்கிவிட்டது. அந்தப் பக்கம் போய் இரண்டாக எழும்பிவிட்டது. கடவுளே!

ஜூன் 17, செவ்வாய்

முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். "கையெழுத்துப் போட்டது யாரு? இந்தம்மாதானே?" ஆமாம், நான்தான். அழுகை வந்துவிடுமோ என்று பயம்.

அண்ணன் பேசினான். "அவ மொதல் நாளே வேண்டாம்னா சார். நான்தான் கெஞ்சிப் போட வெச்சேன். தப்பு என்னோடது." இன்னும் கல் போடலாம் என்றார் அவர். அண்ணன் தலையை ஆட்டினான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பக்கவாட்டில். "கல் வேலைக்காகாது சார். விரிப்பக் கிழிச்சு, குழாயப் பிடுங்கி, ஓடையத் திறந்து விடணும். செப்டம்பர்ல திறப்பு விழாப் போட்டி நடக்கணும்னா வேற வழியில்ல."

செப்டம்பர் என்றதும்தான் அவர் அடங்கினார். பொக்லைன்காரர் யாரும் சொல்வதற்கு முன்பே வண்டியைக் கிளப்பிவிட்டார்.

திரும்பும்போது காரில், ஜன்னலைத் திறக்கலாமா என்று வாயாலேயே கேட்டான். "திற" என்றேன்.

செப்டம்பர் 20, சனி

திறப்பு விழாப் போட்டி. ஓடைக்கரையில் நின்று முதலாளி விருந்தாளிகளிடம் அளக்கிறார்: "எவ்ளோ பணம் கொடுத்தாலும் இந்த மாதிரி ஓடை கிடைக்குமா? இதத் தொடவே கூடாதுன்னு மொதல் நாளே கண்டிசனாச் சொல்லிட்டேன்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் என் கையைப் பிடித்து அமுக்கினான்.

பிறகு முதலாளி அடித்தார். ஓடையில் விழுந்தது. மறுபடியும் அடித்தார். அதுவும். மூன்றாவதும் விழுந்ததும் அண்ணன் என் கையை விட்டுவிட்டு, இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டான்.

செப்டம்பர் 22, திங்கள்

அலுவலகத்துக்குப் போனபோது என் மேசையில் ஏழாவது குழியின் புது வரைபடம், கோப்பில் வைப்பதற்கு. அண்ணன் தன் கையால் வரைந்திருக்கிறான். குளம் இல்லை, ஓடை மட்டும். கீழே அவன் கையெழுத்து இல்லை. "நீ மொதல்ல போடு" என்று பென்சிலில் எழுதியிருக்கிறான்.

ஓடையின் வளைவை இடப்பக்கமாகப் போட்டிருக்கிறான். அத்தனை தடவை அந்தக் கரையில் நடந்தும்! தலையில் அடித்துக்கொண்டேன். சிவப்புப் பென்சிலை எடுத்து, வலப்பக்கம் திருப்பி, கூழாங்கல் தெரிகிற இடத்தையும் குறித்தேன். அப்புறம் கையெழுத்துப் போட்டேன்.