திரையில் சிவப்பாய் ஒரு கிணறு

சுவா, ஃபிஜி
8 பிப்ரவரி 2016

அன்புள்ள பகோவா,

நம் தலைநகர் தாராவாவுக்குப் போகிற ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அங்கிருந்து நம் தீவு அபேமாமாவுக்குக் கப்பலோ விமானமோ, எது முதலில் கிளம்புகிறதோ அதில் வந்து சேரட்டும். தொலைபேசியில் பாதி வார்த்தையைக் காற்று கொண்டுபோய்விடுகிறது. உன் குரலும் நம் மகள் தெகராராவின் குரலும் கேட்டதே போதும் என்று வைத்துவிடுகிறேன். சொல்ல நினைத்தது சொல்லாமலே நிற்கிறது.

முதலில் ஒன்றுக்குப் பதில் சொல். நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் இன்னும் குடிக்கிறீர்களா? எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஒரு திரை வைத்திருக்கிறார்கள். தீவுகளின் வரைபடம், ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு புள்ளி. நல்ல தண்ணீருக்குப் பச்சை, உப்பு ஏறினால் சிவப்பு. நம் ஊரின் தெற்கு முனை முழுக்கச் சிவப்பு. நம் கிணறும்தான். அந்த எண்களை அனுப்பியது நீ. உனக்குத் தெரியாமல் இருக்காது. பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

இன்னொரு செய்தி. இந்தக் கிணற்றுத் தகவல் திட்டத்தால் உருப்படியாக ஏதாவது நடந்ததா, பயிற்சி கொடுத்தது பலித்ததா என்று தீவு தீவாகப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அபேமாமாவுக்கு என்னை அனுப்புகிறார்கள். அங்கே கிணறு அளப்பவர் என் கணவர், நானே அந்தத் திட்டத்தில் பயிற்சி எடுத்தவள், நான் போவது சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். "உங்க மொழி தெரிஞ்ச ஆள் வேற யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டார்கள். ஜோசேவா என்ற ஃபிஜிக்காரர் உடன் வருவார். உன் அளவீடுகளைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு.

மார்ச் கடைசியில் வருகிறேன். வேலையாகத்தான் வருகிறேன். ஆனாலும் வருகிறேன்.

உன்,
தெரேத்தியா

*

அபேமாமா
27 பிப்ரவரி

தெரேத்தியா,

உன் கடிதம் அரிசி மூட்டைகளுக்கு நடுவே கிடந்து, ஓரம் நனைந்து வந்தது. ஆனால் படிக்க முடிந்தது.

ஆமாம், அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். வேறு எதைக் குடிப்பது? குழந்தைக்கு மட்டும் பள்ளிக்கூடத் தொட்டியிலிருந்து மழைத்தண்ணீர் பிடித்து வருகிறேன். மழை பெய்தால் உண்டு. ஜனவரியில் கடல் ஏறி வந்தபிறகு தண்ணீர் கரிக்கிறது என்பது நாக்குக்கே தெரிகிறது. என் அம்மாவின் சேம்புக் குழியில் கிழங்கெல்லாம் அழுகிவிட்டது. அதை எந்தத் திரையில் காட்டுகிறார்கள்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். நான் மாதாமாதம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ சொல்லிக்கொடுத்துப் போனபடி கருவியை இறக்குகிறேன், எண்ணைக் குறிக்கிறேன், தாராவாவுக்கு ரேடியோவில் படிக்கிறேன். அவர்கள் "நன்றி" என்கிறார்கள். அந்த எண்ணுக்கு யாரோ சிவப்பு அடித்தார்கள் என்பது நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். சிவப்பு என்றால் என்ன? குடிக்காதே என்றா? ஊரைக் காலி செய் என்றா? இல்லை, பார்க்க அழகாக இருக்கட்டும் என்றா?

நீ வரும் செய்தி எனக்கு முன்னாலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. கெவா கிழவி வழி மறித்து, "உன் பொண்டாட்டி உனக்கு மார்க் போட வர்றாளாமே, நல்லா குளிச்சுட்டு நில்லுடா" என்கிறாள். தெகராரா பாயை வெயிலில் போட்டிருக்கிறாள். நீ விருந்தினர் விடுதியில் தங்குவாயா நம் வீட்டிலா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

பகோவா

*

அபேமாமா
10 ஏப்ரல்

தெரேத்தியா,

விமானம் மேகத்துக்குள் போகும்வரை தெகராரா கையசைத்தாள். பிறகு, "அம்மா வேலைக்கு வந்தாங்களா, நம்மகிட்ட வந்தாங்களா?" என்று கேட்டாள். ரெண்டுக்கும்தான் என்றேன். "அப்போ ஏன் நம்ம வீட்டுல ரெண்டு ராத்திரிதான் படுத்தாங்க?" என்றாள். ஜோசேவா ஒருவர் மட்டும் விடுதியில் இருந்தால் ஊர் மரியாதைக்குக் குறைச்சல் என்று ஏதோ உளறினேன். அவள் நம்பவில்லை.

மனேயாபா மண்டபத்தில், ஊர்க் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவே இல்லை. ஊரே உட்கார்ந்திருக்க, ஜோசேவா கேட்கிறார், நீ நம் மொழியில் சொல்கிறாய்: "பயிற்சி எடுத்த ஆறு பேரில் ஒருவர்கூட இப்போது இங்கே வேலையில் இல்லை. ஏன் போனார்கள்?" பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ரெண்டு பேர் நியூசிலாந்தில் பழம் பறிக்கிறார்கள். ஒருவன் கப்பலில். ஒருத்தி கல்யாணமாகி நோனோட்டித் தீவில். ஒருவன் செத்துப்போனான். அதோடு ஐந்து பேர். அப்போது கெவா கிழவி கத்தினாளே, "ஆறாவது ஆளு இங்கேயேதானே உக்காந்திருக்கா! அவளையே கேளுங்களேன்!" என்று.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நீயும் சிரித்தபடி, "அப்புறம் சொல்றேன் பாட்டி" என்றாய். அதை ஜோசேவாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

அந்தப் பதிலுக்காகத்தான் எழுதுகிறேன். கிழவிக்குச் சொல்ல வேண்டாம், எனக்குச் சொல். ஆறு மாதம் என்று போனாய். பிறகு ஒரு வருடம் என்றாய், பிறகு இந்த ஒப்பந்தம் முடியட்டும் என்றாய். நான் கோபமாக இல்லை. கோபமாக இருக்க வேண்டுமா என்பதே எனக்குப் புரியவில்லை.

பகோவா

*

சுவா
3 மே

அன்புள்ள பகோவா,

ஊரிலிருந்து வந்ததும் ஜோசேவா அந்தக் கேள்வித்தாளை என் மேசையில் வைத்தார். "நீங்களும் பயிற்சி எடுத்தவங்க. உங்க பதிலும் வேணும்" என்றார். ஏன் வேலையை விட்டீர்கள் என்று ஒரு வரி. குடும்பச் சூழ்நிலை என்று எழுதினேன். கிழித்தேன். சம்பளம் என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். உனக்கு நிஜத்தைச் சொல்கிறேன். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. காலையில் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவது பிடித்திருக்கிறது. கூட்டத்தில் நான் பேசும்போது மற்றவர்கள் எழுதிக்கொள்வது பிடித்திருக்கிறது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உங்கள் இருவரையும் நினைத்து அழாத வாரம் இல்லை, அதுவும் நிஜம். ரெண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் இருக்கிறது என்று கேட்காதே, எனக்கே விளங்கவில்லை.

அறிக்கையை முடித்துவிட்டேன். உன் அளவீடுகள் சுத்தமானவை என்று ஜோசேவா எழுதியிருக்கிறார். எண்கள் தீவிலிருந்து வெளியே போகின்றன, ஒன்றுகூடத் திரும்பி வருவதில்லை என்று நான் எழுதினேன். இனி மாதாமாதம் அவை மனேயாபாவில் நம் மொழியில் படிக்கப்பட வேண்டும், தெற்கு முனைக்கு மழைநீர்த் தொட்டிகள் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று: இனிப் பயிற்சி பெறுகிறவர் மூன்று வருடம் தீவை விட்டுப் போகமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் எத்தனை பேருக்குக் கற்றுக் கொடுத்தாலும் வீண். அந்த வரியை ஒரு முறை எழுதி அடித்துவிட்டேன். ஆனாலும் எழுதினேன். அது சரியான யோசனைதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கரிக்கிற தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்காதே. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது.

தெரேத்தியா

*

சுவா
18 ஜூலை

அன்புள்ள பகோவா,

ரெண்டு அறை உள்ள ஒரு வீடு பார்த்திருக்கிறேன். பின்னால் ஒரு மாமரம், தெகராராவுக்கு நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம். தலைமையாசிரியையைப் பார்த்துப் பேசிவிட்டேன், ஜனவரியில் சேர்த்துக்கொள்வார்கள்.

நீயும் வா. அளக்கிற வேலையை வேறு ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வா. உன் அனுபவத்துக்கு இங்கே இடம் கிடைக்கும் என்று ஜோசேவா சொல்கிறார். நேரில் வந்தபோதே கேட்டிருக்க வேண்டும். பந்தலும் பாட்டும் சாப்பாடுமாக என்னை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள், வாய் வரவில்லை.

உடனே பதில் எழுது. வீட்டுக்காரர் ஆகஸ்ட் பாதிவரைதான் பொறுப்பார்.

உன்,
தெரேத்தியா

*

அபேமாமா
20 ஜூலை

தெரேத்தியா,

நேற்று தாராவாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உன் அறிக்கையை ஒப்புக்கொண்டுவிட்டார்களாம். தொட்டிகள் அடுத்த கப்பலில் வருகின்றன. கிணறு அளக்கும் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள், எனக்குத் தாராவாவில் சில வாரம் பயிற்சி. மனேயாபாவில் வைத்தே தாளை நீட்டினார்கள். மூன்று வருடம். அந்த வரியை நீதான் எழுதினாய் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

"யோசிச்சுப் போடுப்பா, பொண்டாட்டி அங்க இருக்கா" என்றார் ஒரு பெரியவர். "அவ எழுதினதுதானே" என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்மேல் உள்ள கோபத்தில் போட்டேனா, நீ எழுதியது சரி என்று போட்டேனா, தெற்கு முனைக்காரர்கள் முகத்தைப் பார்த்துப் போட்டேனா, எதுவும் தெளிவாக இல்லை. ஊர் கைதட்டியது. நீ திரும்பி வர இது ஒரு காரணமாகட்டும் என்றும் உள்ளுக்குள் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பகோவா

*

சுவா
22 ஆகஸ்ட்

பகோவா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையது எனக்கு வந்தபோது நான் வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தேன்.

உனக்கு மட்டும் அந்த நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லலாம் என்று ஜோசேவாவிடம் போனேன். அவர் நல்ல மனிதர். "கேட்கலாம். காரணம்னு என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். நான் உட்கார்ந்தேன். மற்ற தீவுகளில் கையெழுத்துப் போட்ட பெண்களுக்கும் கணவர்கள் வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத எந்தக் காரணம் எனக்கு இருக்கிறது? வேண்டாம், விடுங்கள் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வேலையை விட்டுவிட்டு வரட்டுமா? வா என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் வந்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வந்த பிறகு உன்னைக் குறை சொல்லாமல் இருப்பேனா என்று தெரியவில்லை. நாம் பிரிந்துவிட்டோமா, பகோவா? ஊரில் கேட்டால் என்ன சொல்கிறாய்? இங்கே கேட்பவர்களிடம் "கணவர் ஊரில் வேலையாக இருக்கிறார்" என்கிறேன். பொய் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுகிறேன்.

பதில் எழுது. எதுவானாலும் எழுது.

தெரேத்தியா

*

அபேமாமா
9 டிசம்பர்

தெரேத்தியா,

நாலைந்து முறை எழுத உட்கார்ந்தேன். நீ கேட்டதற்கு வா என்றும் எழுத முடியவில்லை, வராதே என்றும் எழுத முடியவில்லை. ஊரில் கேட்டால் நானும் நீ சொல்வதையேதான் சொல்கிறேன்.

தொட்டிகள் ரெண்டும் நிறைந்து வழிகின்றன. கெவா கிழவி தன் பங்குக்கு மேல் பிடிக்கிறாள், யாராலும் தடுக்க முடியவில்லை.

தெகராராவை அனுப்புகிறேன். அவளாகத்தான் கேட்டாள். "நான் போனா நீ தனியா என்னப்பா பண்ணுவே?" என்றாள். பாட்டி இருக்கிறாள், மீன் இருக்கிறது, கிணறுகள் இருக்கின்றன என்றேன். "அம்மாவும் அங்க தனியாத்தானே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் துணிமணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

தாராவாவரை என் தங்கை கூடப் போவாள். அங்கிருந்து ஜனவரி பன்னிரண்டாம் தேதி விமானத்தில் ஏற்றிவிடுவாள். பெரிய விமானத்தில் தெகராரா ஏறியதில்லை. இறங்கியதும் வாந்தி எடுப்பாள், உடனே சாப்பிடச் சொல்லாதே, உலர்ந்த பிஸ்கட் ஏதாவது கொடு. தலைமுடியைத் தானே பின்னிக்கொள்வாள், ஆனால் பின்னிவிட்டால் சந்தோஷப்படுவாள். முதல் சில நாள் உன்னிடம் பேசமாட்டாள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, மார்ச்சில் நீ வந்துபோன பிறகு என்னிடமும் அப்படித்தான் இருந்தாள்.

விமான நிலையத்துக்குச் சீக்கிரமே போய்விடு. அவள் வெளியே வரும்போது கூட்டத்தில் உன் முகம் முன்னால் இருக்க வேண்டும்.

பகோவா