பாதிவழிப் பேராசிரியை

மார்ச் 4
வீடு மூன்றாவது மாடி. இரண்டாவதில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அக்கா மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன பாதிவழி, இன்னிக்கும் அங்கேயேவா?" பள்ளி ஓட்டப்பந்தயத்தில் நான் நடுவே உட்கார்ந்துவிட்ட அன்று வைத்த பெயர். நாற்பது வருடமாகியும் விடவில்லை. "செல்லுக்குச் சக்தி எப்படி வருதுன்னு ஊருக்கே பாடம் எடுக்கிற, உனக்கு வரலையே!"

மார்ச் 5
எங்கள் ஆய்விலுள்ள நோயாளிகளின் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கொழுப்பை எரிக்க வராது. சர்க்கரை இருக்கும்வரை செல்கள் சமாளிக்கும். சர்க்கரையை நிறுத்தினால் படுத்துவிடும் என்பது என் கணிப்பு. இந்த வாரம்தான் சோதிக்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க நலமானவர் செல் வேண்டுமே என்று, என் கையிலிருந்தே துளித் தோல் கொடுத்திருந்தேன். பெருந்தன்மை!

இன்று ஆராய்ச்சி மாணவி வந்து நிற்கிறாள். "மேடம், நல்ல செல்லும் சோர்ந்து போகுது."

குப்பியை மாற்றி எடுத்திருப்பாள். நன்றாகத் திட்டினேன்.

மார்ச் 6
குப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். மூடியில் என் கோழிக்கிறுக்கல். "இந்தக் கையெழுத்து வேற யாருக்கும் வராது மேடம்." வாய் அதிகம். ஆனால் —

மார்ச் 9
புதிதாகத் தோல் எடுத்தோம், என்னிடமும் அவளிடமும். குப்பிகளில் எண் மட்டும். எது யாருடையது என்ற சீட்டு உறைக்குள். என் செல்கள் என் மானத்தைக் காப்பாற்றும்.

மார்ச் 30
இன்னும் வளர்கின்றன. அவசரப்படுத்தினால் கேட்குமா?

ஏப்ரல் 17
சர்க்கரையை நிறுத்தியும் ஒன்றாம் எண் ஜம்மென்று இருக்கிறது. இரண்டாம் எண் சுருண்டுவிட்டது. உறையை அவள் பிரிக்கவில்லை, என்னிடம் நீட்டினாள்.

இரண்டு, நான்.

பயமா இருக்கு. அந்தப் பந்தயம், இந்த மாடிப்படி, சாப்பிடாம வேலை பார்த்த நாளெல்லாம் கால் கடுத்தது — 'பட்டினி கிடந்தா கால் கடுக்குதா'ன்னு நோயாளிங்ககிட்ட இருபது வருஷமா கேக்கிற கேள்வியை ஒரு தடவையாவது என்னைக் கேட்டுக்கிட்டேனா? எத்தனை பெரிய மக்கு!

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மேடம். அன்னிக்குத் திட்டும்போதே உங்களுக்கு மூச்சு வாங்குச்சு."

மே 2
அந்த நோயேதான், ஆனால் லேசான வகையாம். "வேளைக்குச் சாப்பிடுங்க, கால் கடுத்தா உடனே உட்காருங்க" என்றார் மருத்துவர். ஒப்பீட்டுக்கு இனி மாணவியின் செல். எங்கள் ஆய்வில் நான் ஏழாவது நோயாளி. மூடியில் நானே எழுதினேன், இந்த முறை புரியும்படி.

கீழிருந்தே அக்காவிடம் போனில் சொன்னேன். கீழே வந்து என் பையை வாங்கிக்கொண்டு கூடவே ஏறினாள்.

"இனிமே அப்படிக் கூப்பிட மாட்டேன்."

"கூப்பிடு. இல்லேன்னா வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கும்."

இரண்டாவது மாடி வந்ததும் அவள்தான் முதலில் படியில் உட்கார்ந்தாள். "உட்காரு, எனக்கும் மூச்சு வாங்குதுடி."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மூச்சு சீராகத்தான் இருந்தது.