வராதவர்களுக்கான விதி

வாடகை ஒப்பந்தத்தை நகலெடுக்க இன்று காலை திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். மெஷினிலிருந்து வந்து விழுந்த தாளைக் கடைக்காரர் அப்படியே எடுத்து என் கையில் கொடுத்தார். நல்ல சூடு. கூடவே அந்த வாசனை, மை லேசாகக் கருகினது போல. நீ இருந்திருந்தால் தாளைப் பிடுங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்திருப்பாய். "இட்லி கணக்கா சுடுதும்மே" என்று கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருப்பாய். நான் காசு கொடுக்காமலே படி இறங்கிவிட்டேன், அவர் கூப்பிட்டுத்தான் கொடுத்தேன்.

நாம் இருவரும் சேர்ந்து முதன்முதலில் நகலெடுத்தது பாடப் புத்தகம் இல்லை, ஞாபகம் இருக்கிறதா? பல்கலைக்கழகத்தின் முதுகலைப் படிப்புக்கான விதிமுறைகள். ஆவடியில் வார இறுதி வகுப்பு தொடங்கிய முதல் நாள். எம்.ஏ. பொது நிர்வாகம். உன் வீட்டுக்காரர் ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து உன்னை பைக்கில் கொண்டுவந்து விடுவார். நான் அயனம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து சேர்வேன். மற்றவர்கள் எல்லோரும் போன வருஷத்து வினாத்தாளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் விதிமுறைகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டாய். அலுவலகத்தில் இருந்தவரே அப்படி ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் யோசித்தார் போலிருந்தது, அலமாரியில் வெகுநேரம் தேடினார்.

எதற்கு என்று நான் கேட்டேன். "ஆட்டம் ஆடறதுக்கு முன்னால ரூலு இன்னான்னு தெரிய வாணாமா?" என்றாய். நான் பிழைப்புக்காக மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கிறவள், அம்பத்தூர் எஸ்டேட்டில் அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். அப்படிப்பட்ட நானே ஒரு விதியைப் பார்த்தால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போகிற ஆள். நீ ஒவ்வொரு விதியையும் கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பார்த்துவிட்டு உன் ஒரே கேள்வியைக் கேட்பாய். "இன்னாத்துக்கு?"

வினாத்தாளில் பதிவு எண்ணைத் தவிர எதையும் எழுதக்கூடாது. இன்னாத்துக்கு? தேர்வு தொடங்கி அரை மணி நேரத்துக்கு யாரும் வெளியே போகக்கூடாது. இன்னாத்துக்கு? முன்னுரையிலேயே ஒரு வரி இருந்தது: இவ்விதிகளில் 'அவன்' என்று வரும் இடமெல்லாம் 'அவள்' என்பதையும் குறிக்கும். அதை வாசித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பில் முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்ப நானு அவனுக்குள்ள கீறேன். சரி, இருந்துட்டுப் போறேன். ஆனா ஒரு 'அவள்' எழுத இன்னா, மை தீந்துடுமா?" என்றாய். யாரையும் குற்றம் சொல்லிக் கேட்டதில்லை நீ. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ரேடியோவைப் பிரிக்கிற ஆசைதான் அது.

கண்டொனேஷன் கதையை நான் இன்னும் என் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் பருவத்தில் உனக்கு முதல் தடவையாக உடம்பு படுத்தியது. சிறுநீரகம் என்று அப்புறம்தான் தெரிந்தது. நிறைய வகுப்பு போய்விட்டது. "வருகை குறையுதும்மா, கண்டொனேஷன் கட்டணும்" என்று வகுப்பு நடத்துகிற அலுவலகத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். நீ முகம் வெளுத்து என்னிடம் வந்தாய்.

"இன்னாம்மே இது அநியாயமா கீது? க்ளாஸுக்கு வர்லன்னா கண்ண தானம் பண்ணணுமா?"

வருகைக் குறைவை மன்னிப்பதற்குத்தான் அந்தப் பெயர், மருத்துவச் சான்றிதழும் ஒரு கட்டணமும் போதும் என்று நான் விளக்கினேன். உனக்கு ஆறுதல் வந்ததோ இல்லையோ, உடனே ஆர்வம் வந்துவிட்டது. மன்னிப்பதற்கு ஒரு விதியா? மன்னிப்பு மனசில் அல்லவா வரணும், அதற்கு எப்படிக் கட்டணம்? அன்று முழுக்க அதே பேச்சு. பொது நிர்வாகத்தில் நான் கற்றதில் பாதி நம் பெஞ்சிலேயே நடந்தது.

எம்.ஏ. உனக்கு எதற்கு என்பதையும் நீ ஒளித்ததில்லை. வேலைக்கு இல்லை, சம்பளத்துக்கு இல்லை. உன் வீட்டுக்காரர் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் ஓரகத்திகளின் பெயருக்குப் பின்னால் எம்.இ., எம்.எஸ்ஸி. என்று அடித்திருப்பார்கள். உன் பெயர் பி.ஏ.வோடு நின்றுவிடும். "ஒரே ஒரு எயுத்துதாம்மே மாறணும். அதுக்குத்தான் இவ்ளோ கஷ்டம்" என்பாய். அந்த எழுத்தை எந்த நாளிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்று பேராசிரியரை எழுந்து நின்று கேட்டாய். பாஸான அன்றைக்கேவா?

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "பாஸ் பண்றது வேற, பட்டம் வாங்கறது வேறம்மா. பட்டமளிப்பு விழா நடக்கற வரைக்கும் நீங்க பட்டம் பெறத் தகுதியானவங்க, அவ்வளவுதான். விழாவுலதான் பட்டம்."

வகுப்பில் வேறு யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. நீ நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாய்.

கடைசிப் பருவத்தில் ஒரு தேர்வன்று காலையில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வகுப்புக்கு வராததை மருத்துவச் சான்றிதழ் மன்னித்ததல்லவா, அந்தத் தெம்பில் உன் வீட்டுக்காரர் இதற்கும் ஒரு சான்றிதழ் வாங்கிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார். முடிவு வந்ததும் உனக்கு முன்னால் அவர்தான் போனில் பார்த்தார். மற்ற தாள்களுக்கெல்லாம் மதிப்பெண். அந்த ஒரு தாளுக்கு மட்டும் AAA. மனுஷன் குதித்தெழுந்து இனிப்புக் கடைக்கு ஓடிவிட்டார். உடம்பு முடியாதவள் என்று பார்த்து மூன்று ஏ போட்டிருக்கிறார்கள், பெரிய மனசு என்று குவார்ட்டர்ஸில் வீடு வீடாக மைசூர்பாகு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

நீ எனக்குப் போன் செய்தாய். சிரிப்பும் மூச்சிரைப்புமாகப் பேச்சே வரவில்லை.

"நம்மாளு ஸ்வீட்டு குட்துகினு கீறாரும்மே. AAAன்னா ஆப்சென்ட்டு, அதுக்கு ஸ்வீட்டு! இன்னா பண்றது?"

"சொல்லித் தொலையேம்மா."

"இன்னாத்துக்கு? பாதி லைனு குட்த்தாச்சு. மீதி ஊட்டுக்காரங்க இன்னா பாவம் பண்ணாங்க? குட்து முடிக்கட்டும், அப்பால சொல்லிக்கலாம்."

அப்புறம் சொன்னாயாம். அவர் காலி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "ஆப்சென்ட்னு ஒரு ஏ போட்டாலே புரியாதா, எதுக்கு மூணு?" என்று கேட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது உனக்குத்தான் எவ்வளவு பெருமை. "பாத்தியா, அவருக்கும் தொத்திகிச்சு."

ஆனால் அந்த மூன்று எழுத்து உன்னை உள்ளுக்குள் குடைந்தது. வகுப்புக்கு வராததை மன்னிக்கிறார்கள், பரீட்சைக்கு வராததை மன்னிக்க மாட்டார்கள். ஆள் ஒன்று, ஆஸ்பத்திரி ஒன்று, நோயும் ஒன்று. ஏன் இரண்டு நியாயம்? ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தபோது நீயே பதிலும் சொன்னாய். "வகுப்புல அவங்க பேசறாங்க, நாம கேக்கறோம். நாம இல்லன்னாலும் அவங்க பேசுவாங்க. பரிச்சையில நாமதான் பேசணும். அத்த நமக்கு பதிலா யாரு பேசுவா?" நான் அதற்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நீ சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த ஒரு தாளை முடிக்கவும் காலக்கெடு உண்டு. பதிவு செய்த நாளிலிருந்து விதி அனுமதிக்கிற ஆண்டுகள் தாண்டிவிட்டால் எழுதியது அத்தனையும் வீண். கெடுவுக்குள் உனக்கு இருந்தது ஒரே வாய்ப்பு. கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போய் எழுதினாய். பாஸும் ஆனாய். ஓரகத்தி ஒருத்தி அடுத்த மாதமே வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகைக்கு உன் பெயரைக் கேட்டாள், எம்.ஏ. போட்டுவிடட்டுமா என்றாள். நீ முடியாது என்றுவிட்டாய். "விழா நடக்கட்டும். இப்ப நானு தகுதியான ஆளுதான். இன்னும் பட்டம் வாங்கல" என்றாயாம். அவள் அதை அகம்பாவம் என்று நினைத்திருப்பாள்.

நான் உனக்கு முன்பே முடித்தவள். என் விழாவுக்கு நான் போகவில்லை, அலுவலகத்தில் அன்று ஏதோ அவசரம். நேரில் வர இயலாதவர் என்று விண்ணப்பத்தில் குறித்துக் கொடுத்தேன், பட்டம் தபாலில் வந்தது. நீ என்னைக் கிழி கிழியென்று கிழித்தாய். "வராமலே பட்டமா? நானு நேர்ல போவேன். கருப்பு அங்கி மாட்டிகினு, ஒயுங்கா நடந்து போயி வாங்குவேன்."

விழா அறிவிப்பு வருவதற்குள் நீ போய்விட்டாய்.

சில மாதம் கழித்து உன் வீட்டுக்காரர் போன் செய்தார். முதலில் என் வேலை, குழந்தை என்று சுற்றி வளைத்தார். பிறகு சொன்னார்.

"வருசத் திதிக்கு போஸ்டர் அடிக்கணும்மா. பேருக்குப் பின்னாடி எம்.ஏ. போடலாமான்னு ஒரு யோசனை. போட்டா அவளுக்குப் புடிக்கும். ஆனா விழா நடக்காம போட்டா ஒத்துக்கவும் மாட்டா. நீங்கதான் அவகூட படிச்சவங்க, சொல்லுங்க."

போடுங்கண்ணே, யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். நீ கேட்பாய் என்பதால் சொல்லவில்லை. நம் பழைய நகலை எடுத்து வைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விதிப் புத்தகத்தை உன்னைப் போல வாசித்தேன். வேடிக்கை என்னவென்றால், சுவாரசியமாக இருந்தது. அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஆசையோடு திருப்பினேன்.

பட்டமளிப்புப் பகுதியில் இரண்டே வகைதான். நேரில் வருபவர், நேரில் வராதவர். செத்துப்போனவருக்கு என்று தனியாக ஒன்றும் இல்லை. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நானும் உன் வீட்டுக்காரர் அண்ணனும் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். சன்னலுக்குப் பின்னால் ஒரு நடுவயது அம்மாள். தாளைப் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

"கேண்டிடேட் கையெழுத்து இல்லையே. அவங்களத்தான் போடச் சொல்லணும்."

"அவங்க இல்லீங்க" என்றார் அண்ணன்.

"பரவால்ல, எப்ப வருவாங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இறப்புச் சான்றிதழை எடுத்துச் சன்னலுக்குள் நீட்டினேன். அந்த அம்மாள் அதை முழுக்க வாசித்தார். எழுந்து உள்ளே போனார். அவர் திரும்பி வரும்வரை நாங்கள் இருவரும் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை ஒன்று விடாமல் படித்தோம், ஒன்றும் மனதில் ஏறவில்லை. இல்லை என்று வந்துவிட்டால் இவரை எப்படி ஆவடிக்குத் திரும்பக் கூட்டிப்போவது என்றுதான் எனக்கு யோசனை.

வந்தார். "ஆபீசர்கிட்ட கேட்டேன். இந்த மாதிரி கேஸுக்குன்னு விதியில ஒண்ணும் இல்ல. கூடாதுன்னும் எங்கியும் இல்ல. நேர்ல வராதவங்கன்னு டிக் பண்ணிட்டு, நீங்க கையெழுத்து போட்டு இதையும் சேர்த்துக் குடுங்க."

"காரணம் எதாவது எழுதணுங்களா?" என்று கேட்டார் அண்ணன்.

"வேணாம் சார். விழாவுக்கு ஏன் வரலன்னு நாங்க யாரையும் கேக்கறதில்ல."

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். வகுப்புக்கு வராவிட்டால் காரணம் கேட்டு மன்னிக்கிறார்கள். பரீட்சைக்கு வராவிட்டால் காரணத்தைக் கேட்பதே இல்லை, மன்னிப்பும் இல்லை. விழாவுக்கு வராவிட்டாலும் கேட்பதில்லை, ஆனால் கேட்காமலே கொடுத்துவிடுகிறார்கள். நீ பாக்கி வைத்துவிட்டுப் போன கேள்வியின் மூன்றாவது பகுதி இது. இதற்கு உன் விளக்கம் என்னவாக இருக்கும்? நான் யோசித்துப் பார்த்தேன். அதற்குள் பேச வேண்டியதையெல்லாம் நாம் பேசி முடித்துவிட்டோம் என்பதாலோ?

விழா நடந்தது. போன வாரம் பட்டம் தபாலில் வந்தது. அண்ணன் பிரிக்காமல் வைத்திருந்து, நான் உங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போன பிறகு, என் முன்னால்தான் பிரித்தார். தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம், எழுத்துக் கூட்டி வாசித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அவ வரலன்னு எங்கியும் போடலையேம்மா?"

"போட மாட்டாங்கண்ணே. வந்து வாங்கினவங்களுக்கும் இதேதான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போஸ்டர் அடிக்கிறவருக்கு அங்கேயே போன் போட்டு உன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். கடைசியில், "எம்.ஏ. தம்பி, எம்.ஏ. மறந்துடாத" என்றார்.

எங்கள் தெற்கத்திப் பக்கம் ஒருவர் இல்லாத குறை தாங்காதபோது 'தேடுது' என்போம். எனக்கு உன்னைத் தேடுகிறது. ரொம்பத் தேடுகிறது. அலுவலகத்தில் புதிய விதி என்று மின்னஞ்சல் வந்தால் கூட்டத்தில் கை தூக்கி எதற்கு என்று கேட்கிறேன், எல்லோரும் என்னைத் தலைவலி என்கிறார்கள். அந்த நகலையும் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மாணவரின் பதிவு ரத்தாகும் காரணங்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது, நீ பார்த்திருப்பாய். கட்டணம் செலுத்தாதது, கெடு தாண்டுவது, ஒரே நேரத்தில் இரண்டு பட்டத்துக்குப் படிப்பது, தேர்வில் முறைகேடு. மேலிருந்து கீழே மூன்று தரம் பார்த்துவிட்டேன். சாவு அதில் இல்லை. இன்னாத்துக்கு விட்டார்கள்?