வலிக்காத கட்டி

மச்சான், நேற்று முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தேன். செங்கம் சாலையில் நம் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற அதே கடை. பின்கழுத்தில் பவுடர் அப்பிய வாசனையில் உன் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. உன் கட்டியை முதலில் பார்த்தது அந்த நாற்காலியில்தானே.

"இன்னாப்பா, கழுத்துல நெறி கட்டியிருக்குது? வலிக்குதா?" என்று கடைக்காரர் அழுத்திப் பார்த்தார்.

"வலியெல்லாம் இல்லண்ணே."

"வலிக்கலன்னா ஒண்ணுமில்ல, உடு."

அதற்குப் பிறகு எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அடி அண்ணாமலையில் உன் வீட்டில் அம்மா சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துத் தடவினார். அந்த வெள்ளைப் பட்டையோடு ஆட்டோ ஓட்டினாய். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி, நூலில் கட்டிய கல்லை உன் கழுத்துக்கு மேலே ஆட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே கோபம் தேங்கியிருக்கிறது என்றாள். "ஆமாம்மா, சவாரி கம்மி, அதான்" என்று சிரித்தாய்.

எல்லாவற்றுக்கும் உன்னிடம் ஒரு காரணம் இருந்தது. உடம்பு அரித்தால் சோப்பு மாற்றியது. விடியும்போது பனியன் பிழியுமளவு நனைந்திருந்தால் தகரக் கூரை, கரன்ட் போனது. பேன்ட் இடுப்பில் நிற்காவிட்டால் பௌர்ணமிதோறும் மலை சுற்றியது. "தொப்பை கரைஞ்சிடுச்சு, இப்பவாச்சும் பொண்ணு பாருங்கடா" என்றாய். சாயங்காலம் தவறாமல் வந்த காய்ச்சலுக்குத்தான் காரணம் கிடைக்கவில்லை. டாக்டரிடம் போனோம்.

அவர் கழுத்தைத் தொட்டார், காசநோய் என்று மாத்திரை எழுதினார். நம் ஊரில் அது அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதித்துவிட்டு எழுதினால் என்ன? காரில் வந்து இறங்குகிறவனுக்கு நாலு பரிசோதனை, காக்கிச் சட்டைக்கு ஒரு ஊகம். மாதக்கணக்கில் விழுங்கியும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைத் தவிர ஒரு பலனும் இல்லை. ஒற்றைக் கட்டி, காறை எலும்பு வரை மணி கோத்ததுபோல் இறங்கியது.

பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஒரு பெண் டாக்டர் சந்தேகப்பட்டார். "ரப்பர் மாதிரி இருக்கு, வலியும் இல்ல. வலிக்கலங்கறதே எனக்குப் பிடிக்கல. ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்தா பத்தாது. ஒரு கட்டிய முழுசா எடுத்து அனுப்பணும்."

தலையாட்டிவிட்டு வந்தாய். வீட்டில் உன் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். "கட்டியில கத்தி பட்டா பரவிடும்டா. நான் எத்தினி பேரப் பாத்திருக்கேன்." அவர் பார்த்தவர்கள் எல்லாரும் முற்றிய பிறகு போனவர்கள். அதை யார் அவரிடம் சொல்வது? நீயும் அதற்குத் தோதாக, "தீபத்துல சவாரிய உட முடியாது" என்றாய்.

தீபத் திருவிழா முடிந்துதான் ஒரு கட்டியை எடுத்துச் சோதித்தார்கள். நிணநீர்ப் புற்றுநோய். ஸ்கேன், எலும்புக்குள் ஊசி எல்லாம் முடிந்ததும் அந்த டாக்டர் ஒரு தாளில் மனித உருவம் வரைந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கோடு போட்டார். "ஒரே இடத்துல இருந்தா முதல் நிலை. கோட்டுக்கு ஒரே பக்கத்துல ரெண்டு மூணு இடம்னா ரெண்டாவது. ரெண்டு பக்கமும்னா மூணாவது. கல்லீரல், எலும்பு மஜ்ஜைனு போயிட்டா நாலாவது." உனக்கு நான்காவது. சீக்கிரம் வந்திருந்தால் உன் வயதில் பெரும்பாலும் குணமாகிற வகை என்றும் சொன்னார்.

நீ அந்தப் படத்தையே பார்த்தாய். "இதுக்கு மூஞ்சி போடலியே மேடம்."

நான்காவதிலும் பிழைக்கிறார்கள் என்றுதான் மருந்து ஏற்றினார்கள். ஆனால் அதைத் தாங்க உன் உடம்பில் மிச்சம் எதுவும் இல்லை.

உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் பெரியப்பா சொன்னார்: "அப்பவே சொன்னேன், கத்தி வெக்காதேன்னு. கேட்டானா?" சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அன்று அழுகை வரவில்லை மச்சான். பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று அதே கடையில், பக்கத்து நாற்காலியில் பெயின்டர் ஒருவர். காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. "வலிக்கலன்னா ஒண்ணுமில்ல" என்றார் கடைக்காரர், கூசாமல். அந்தக் கட்டியை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள் என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"ஐயோ, வேணாம்ப்பா," என்றார் பெயின்டர். "அடி அண்ணாமலையில ஒரு ஆட்டோக்காரப் பையன். நல்லா இருந்தான். கத்தி வெச்சாங்க, போயிட்டான்."

அந்தப் பையன் நீ. உயிரோடு இருந்தவரை ஒருவருக்கும் கெடுதல் நினைக்காத உன்னை, செத்த பிறகு இந்த ஊர் இப்படி ஊரைப் பயமுறுத்த வைத்திருக்கிறது.

பவுடரைக்கூடத் தட்டாமல் உன் கதையை முதலிலிருந்து சொன்னேன், அரிப்பிலிருந்து மஜ்ஜை வரை. அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குக் காலையில பனியன் நனையுதாண்ணே?" என்று கேட்டேன்.

கழுத்துத் துண்டைக் கட்டிக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "அது கரன்ட் போறதாலப்பா."

உன் ஆட்டோவை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். ஸ்டாண்டே காதைப் பொத்திக்கொள்ளும் அந்த ஹாரனையும் மாற்றவில்லை. பெயின்டர் வீடு வேங்கிக்காலில். நாளைக் காலை வாசலில் நிற்பேன், ஆஸ்பத்திரிக்கு. அவர் வந்து ஏறுகிறவரை ஹாரனிலிருந்து கையை எடுப்பதாக இல்லை.