கை நனைத்தவர்

மாமா, இன்று காலை திருவந்திபுரத்தில் நண்பர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தேன். ஈர வாழையிலையில் சுடுசோறு விழுந்ததும் ஒரு வாசனை எழுமே, அது முகத்தில் வந்து மோதியது. எதிர் வரிசையில் மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். நீங்கள்தானோ என்று ஒரு நொடி ஏமாந்துபோனேன். உங்களைச் சுடுகாட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது நான்தான், ஆனாலும் இந்தக் கண்ணுக்கு அது இன்னும் உறைக்கவில்லை.

அக்காவின் கல்யாணமும் இதே ஊரில்தான், அறுபதுகளில் ஒரு ஆவணி முகூர்த்தம். அம்மாவின் தம்பிக்குத்தான் அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று உறவெல்லாம் முடிவு கட்டி வைத்திருந்தது. அக்கா முடியாது என்றாள். அப்பா அவள் பக்கம் நின்று, அண்ணாமலை நகரில் குமாஸ்தாவாக இருந்த மாப்பிள்ளையைப் பேசி முடித்தார். தாய்மாமன் எங்கள் ஊரைக் கூட்டிவைத்துச் சொன்னார்: "தாலி கட்டறதப் பாக்கணும்னா போய்ப் பாருங்க. ஆனா அங்க ஒருத்தரும் கை நனைக்கக் கூடாது."

ஊர் அப்படியே செய்தது. வந்தார்கள், அட்சதை போட்டார்கள், அக்காவை ஆசீர்வாதமும் பண்ணினார்கள். பிறகு சாப்பாடு போட்ட சத்திரத்துப் பக்கமே திரும்பாமல் கடலூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள். கல்யாணத்துக்கு வந்துவிட்டுக் கை நனைக்காமல் போவதற்கு வராமலே இருந்திருக்கலாம். அப்பா சத்திரத்து வாசலில் நின்று எல்லோரும் போவதைப் பார்த்தார். யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனுஷர்கள். அதுதான் வம்பாய்ப் போயிற்று. மாப்பிள்ளையின் பெரியப்பா, "பொண்ணு வீட்டு சனமும் எதிர்ல உக்காரட்டும், எல்லாம் சேந்தே சாப்புடுவோம்" என்று பிரியமாகச் சொல்லிவிட்டார். இலை போட்டாகிவிட்டது. ஒரு வரிசையில் அவர்கள், எதிர் வரிசையில் வெறும் இலைகள். இன்னும் கொஞ்சம் போனால் அவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். சொந்த ஜனமே கைவிட்ட பெண் என்ற பேரோடு அக்கா அந்த வீட்டுக்குள் காலடி வைக்க வேண்டியிருக்கும். கழுத்து மாலையோடு அவள் ஓரமாக நின்று அந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நீங்கள் நுழைந்தீர்கள். புது மொட்டை, தலை கொள்ளாத சந்தனம், இடுப்பில் ஈர வேட்டி. நேராக வந்து வெறும் வரிசைக்கு நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தீர்கள். தண்ணீர்ச் செம்போடு நான் குனிந்து, "நீங்க யாருன்னு தெரியலியே" என்றேன்.

"இது எங்க சிநேகிதர் வீட்டுக் கல்யாணம் இல்லியா? அடடா, தப்பா வந்துட்டேன் போலருக்கே. எந்திரிச்சிடட்டுமா?"

என் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "தப்பா வந்தா என்னங்க, உக்காருங்க."

நீங்கள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தீர்கள். "தனியா சாப்புட்டா எனக்கு எறங்காது. எங்காளுங்க வெளிய நிக்கறாங்க, கூப்புட்டுக்கட்டுமா?"

உங்கள் ஆட்கள் என்று வந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. உங்கள் சம்சாரத்தையும் மொட்டையடித்த பிள்ளையையும் தவிர மற்றவர்களை நீங்களே அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறீர்கள். கோயிலுக்கு முடி இறக்கிவிட்டு ஆற்றில் குளித்து வந்தவர்களையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். எதிர் வரிசை முழுக்கப் பளபளவென்று மொட்டைகள். பெரியப்பா ஆச்சரியப்பட்டுப் போனார். "என்னா சம்பந்தி, ஒங்க பக்கம் இத்தினி மொட்டை?"

அப்பா கொஞ்சமும் அசரவில்லை. "கல்யாணம் நல்லபடியா முடியணும்னு வேண்டுதலுங்க" என்றார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியோடு வெளியே வந்தாள். அக்கா சிரித்தாள். தாலி ஏறியபோதுகூட அவள் சிரிக்கவில்லை, மாமா.

குடும்பத்தோடு மொட்டையடித்துக்கொண்டு யாராவது சிநேகிதர் கல்யாணத்துக்குப் போவார்களா? வாசலில் நின்ற அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் உள்ளே வந்தீர்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் அன்றே தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் கடைசிவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் உங்கள் சைக்கிள் கடை. அங்கிருந்து தீபாவளிக்குத் தீபாவளி பூவும் பழமுமாக அக்காவின் அண்ணாமலை நகர் வீட்டுக்கு வருவீர்கள். அப்பா அங்கே இருந்தால், "தப்பா வந்தவரு வந்தாச்சா?" என்பார். "இந்தத் தடவயும் வழி மாறிடுச்சுங்க" என்பீர்கள். அக்கா உங்களை மாமா என்று கூப்பிடப் போய், நானும் மாமா என்றேன். அம்மாவின் தம்பி பல வருஷம் கழித்துச் சமாதானமாகி வந்தபோது அவள் "வாங்க" என்றாள், சோறு போட்டாள். மாமா என்று மட்டும் அவரை அவளால் கூப்பிட முடியவில்லை.

ஒரு நாள் கடையில் வைத்து உங்களுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே அதட்டினீர்கள். "பசிச்சுது, சாப்புட்டேன். சோறு போட்டவுங்களுக்கு நான் சொல்லணுமா, சாப்புட்டவனுக்கு நீ சொல்லணுமா?" நீங்கள் காற்றடித்து முடித்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினீர்கள்.

நீங்கள் போன அன்று அக்கா கோடித்துணியோடு வந்தாள். உங்கள் பங்காளி ஒருவர், "கோடி போட நீங்க எந்த வகையில ஒறவும்மா?" என்று கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை, முறை அது.

"எங்க தாய்மாமா" என்றாள் அக்கா.

உங்கள் சம்சாரம் அழுகையோடு தலையசைத்தார். பங்காளி நகர்ந்து வழி விட்டார்.

உங்களிடமிருந்து ஒரு பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், கை கழுவியதும் அக்கம்பக்கத்து மண்டபங்களை ஒருமுறை எட்டிப் பார்ப்பேன், வெறும் இலை எங்காவது கிடக்கிறதா என்று. "ஒரு பந்தி பத்தலியா?" என்று என் சம்சாரம் கிண்டல் பண்ணுவாள். இன்றும் பார்த்தேன். எல்லா இலையிலும் ஆள் இருந்தது. நிம்மதியாகத் திரும்பும்போது பக்கத்து மண்டபத்துப் பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கய்யா, நீங்க..." என்று யோசித்தார்.

"தப்பா வந்துட்டேங்க" என்றேன்.

"தப்பா வந்தா என்னங்க, உக்காருங்க" என்றார் அவர், யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

வயிறு நிறைந்திருந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன், மாமா.